நடந்துபோன கல்

கனகவல்லி பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தது ஒரு மூட்டைப்பூச்சி மருந்துப் புட்டி. மூடி திறக்காதது.

உதவியாளன் சவுரிமுத்து புட்டியைப் பார்த்தான். அந்தம்மாள் உட்கார்ந்திருந்த பிரம்பு நாற்காலியைப் பார்த்தான். மறுபடி புட்டியைப் பார்த்தான்.

“அண்ணா, நம்ம சேர்ல பூச்சி கீற மேட்டரு ஊரு பூரா பரவிக்கீது. கேஸ் குடுக்க வர்றவங்க மருந்தையும் கையோட எட்த்துகினு வர்றாங்க பாரு.”

துப்பறிவாளர் ஏகநாதன் சிரிக்கவில்லை. மேற்குத் தாம்பரத்தில் பாத்திரக்கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை ஆபீசுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு சரக்கைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஒருத்தர் சந்தேகம், ஒருத்தர் பாதி உண்மை, ஒருத்தர் முழுப் பொய். இந்தம்மாளின் முகத்தில் பேரம் என்பதே இல்லை. கடை அடைக்கிற நேரத்தில், கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுப் போக வந்தவளின் முகம்.

“யாருக்கும்மா இது?”

“எங்க வீட்டுக்காரருக்கு சார். அவரே வாங்கி அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தாரு. காலைல உலைக்கு அரிசி எடுக்கக் கைய விட்டேன், தட்டுப்பட்டுச்சு.” ஒரு கணம் நிறுத்தினாள். “எங்க வீட்ல மூட்டைப்பூச்சி கிடையாது சார்.”

சவுரிமுத்து சத்தமில்லாமல் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டான். கீழே பாத்திரக்கடையில் யாரோ ஒரு சொம்பைத் தட்டித் தட்டிக் கனம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இத நான் எடுத்துட்டு வந்துட்டேன். இன்னொண்ணு வாங்க அவருக்கு எவ்ளோ நேரம் ஆவும்? இன்னிக்கி சாயந்தரம் வேலி போடுறாங்க சார். வேலி போட்டுட்டா அவரு இருக்க மாட்டாரு.”

ஏகநாதன் தண்ணீர் கொடுத்தார். கனகவல்லி குடிக்காமல் டம்ளரைப் பிடித்தபடியே சொன்னாள்.

கணவர் பெயர் ஜெபராஜ். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். செம்பாக்கம் ஏரிக்குத் தெற்கே, தெருவை ஒட்டி இல்லாமல் பின்னால் தள்ளி ஒரு மனை வாங்கி, அதில் வீடு கட்டிக் குடியேறியிருந்தார்கள். முன்னால் தெருவை ஒட்டி ராஜகோபாலின் வீடு. செங்கல், ஜல்லி, மணல் வியாபாரம். ஊரின் பழைய குடும்பம். அவர் மனையின் ஓரமாகச் சாய்ந்து போகும் பழைய வண்டிப்பாதைதான் ஜெபராஜ் வீட்டுக்குத் தெருவை எட்ட ஒரே வழி.

“பத்திரத்துல ‘கல்லுக்குக் கிழக்கே பாதை’ன்னு போட்டிருக்கு சார். கல்லு பூவரச மரத்தடியில இருந்துச்சு. போன மாசம் ஊரப்பாக்கத்துல எங்க தம்பி பொண்ணு கல்யாணம். குடும்பத்தோட போயிட்டு வந்தோம். அப்புறம் ஒரு நாள் ராஜகோபாலு ஓரத்துப் புதரை வெட்டி சுத்தம் பண்றாரு, பார்த்தா கல்லு பாதைக்கு அந்தாண்ட நிக்குது. அதுக்கும் கிழக்கே வேற ஒருத்தரு காம்பவுண்டுதான். கல்லே எழுந்து நடந்து போயிட்டா பத்திரம் என்னா சார் பண்ணும்?”

“போலீஸ்?”

“சிவில் மேட்டராம். வக்கீலு, செங்கல்பட்டு கோர்ட்ல போடலாம், பேரன் காலத்துல தீர்ப்பு வரும்னாரு. சர்வேயர் லீவு.”

“ராஜகோபால் என்ன சொல்கிறார்?”

இங்கேதான் கனகவல்லியின் குரல் இறங்கியது. “அம்மன் கோயில்ல தெருவே கூடி நின்னுச்சு சார். உள்ளங்கையில சூடம் ஏத்தி, ‘நானும் தொடல, என் ஆளுங்களும் தொடல’ன்னு அடிச்சு சத்தியம் பண்ணிட்டாரு. அன்னிலேருந்து எங்க வீட்டுக்காரருதான் பொய்யன். கடையில தயிரு வாங்கப் போனாக் கூட பேச்சை நிறுத்திடறாங்க. பசங்களுக்குப் பொய் சொல்லாதேன்னே சொல்லிக் குடுத்து வயசான மனுசன் சார். வூடு போறது கூட அவரு தாங்கிடுவாரு. இத தாங்க மாட்டேங்கறாரு.”

ஏகநாதன் சட்டையை மாட்டினார். “சவுரி, வண்டியை எடு.”

“எட்த்தாலும் அது கிளம்பணுமே அண்ணா. அதுக்கும் ஒரு சூடம் ஏத்தணும்.”

கனகவல்லி புட்டியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதை எங்கேயும் வைத்துவிட்டு வர அவளுக்கு மனமில்லை.

*

லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரைச் சாய்த்துச் சாய்த்து உயிர் கொடுத்து அவர்கள் செம்பாக்கம் சேர்ந்தபோது, பஸ்ஸில் வந்த கனகவல்லி அவர்களுக்கு முன்பே பாதை முனையில் நின்றிருந்தாள். ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்தது. தெருவோரம் கருங்கல் கால்களும் முள்கம்பிச் சுருள்களும் இறங்கிக் கிடந்தன. வேலி போட வந்த ஆட்கள் நல்ல நேரம் பிறக்கட்டும் என்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏகநாதன் முதலில் கல்லைப் பார்க்கவில்லை. ராஜகோபாலின் வீட்டைப் பார்த்தார்.

தெற்குச் சுவரில் ஒரு கதவு இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். பூச்சு இன்னும் பச்சையாக இருந்தது. வடக்கே ஒரு ஜன்னல் புதிதாக உடைத்து வைக்கப்பட்டிருந்தது. மாடிப்படியை ஒரு மூலையிலிருந்து இடித்து இன்னொரு மூலையில் கட்டியிருந்தார்கள். தென்மேற்கில் ஒரு கிணறு மண் கொட்டித் தூர்க்கப்பட்டிருந்தது.

“இன்னாண்ணா இது,” என்றான் சவுரிமுத்து, “இந்த வூட்ல கூரையைத் தவுர எல்லாமே எடம் மாறிக்கீது. கல்லு மட்டும் சும்மா நிக்குமா? அதுவும் பார்த்துச்சு, நாமளும் மாறுவோம்னு கெளம்பிடுச்சு.”

“நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும்,” என்றார் ஏகநாதன்.

“நான் தமாசுக்கு சொன்னேன்.”

“நான் தமாசுக்குச் சொல்லவில்லை.”

கல் முழங்கால் உயரம். பாதைக்குக் கிழக்கே, அடுத்தவர் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, பிறந்ததிலிருந்தே அங்கேதான் இருப்பதுபோல் நின்றது. ஏகநாதன் குந்தி உட்கார்ந்தார். கல்லின் உளி போட்ட பள்ளங்களில் மழை கழுவாத மஞ்சள் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அடியைச் சுற்றி இளம்பச்சையாக ஏதோ முளைத்திருந்தது.

“கல்லுக்கு தாடி மொளைச்சிக்கீது,” என்றான் சவுரிமுத்து.

“தெருவில் எல்லாரும் அதைப் புல் என்று நினைத்துவிட்டார்கள். நன்றாகப் பார்.”

ஏகநாதனின் அப்பா தாம்பரம் மார்க்கெட்டில் தானியக் கடை வைத்திருந்தவர். மூட்டை நனைந்தால் எந்தப் பயறு எப்படி முளைவிடும் என்பது பள்ளிக்கூடத்துக்கு முன்பே ஏகநாதனுக்குத் தெரிந்த பாடம். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். “இது பச்சைப்பயறு. இது உளுந்து. இது கொள்ளு. ஊசி மாதிரி நிற்பது நெல். அது கோதுமை. இது மொச்சை. அந்தப் பொடிசு எள்ளு.”

“குருவி போட்ருக்குமாண்ணா?”

“மளிகைக் கடைக்குள் போய் வகைக்கு ஒரு பிடி பொறுக்கிக்கொண்டு வருகிற குருவியா? நவதானியம், சவுரி. கல் நடுகிற குழியில் போட்டது.” ஒரு முளையைக் கிள்ளி எடுத்தார். இலை நுனியில் பயற்றின் தோல் இன்னும் குல்லாய்போல் ஒட்டிக்கொண்டிருந்தது. “இந்த மழைக்கு முளைத்தது. பழைய கல்லின் அடியில் தானியம் இவ்வளவு காலம் காத்துக்கொண்டிருக்காது. உங்கள் கல்லைப் போன மாதம் யாரோ பிடுங்கி நட்டிருக்கிறார்கள் அம்மா.”

கனகவல்லி பூவரச மரத்தைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப அந்த ஆளு சாமி முன்னால பொய் சொல்லிட்டானா?”

“இல்லை. அவர் சொன்னது உண்மை.”

அவள் முகத்தில் வந்த வெளிச்சம் வந்த வேகத்திலேயே போயிற்று.

“யோசித்துப் பாருங்கள். அம்மன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்யத் துணிந்தவன், திருட்டுக் கல்லுக்கு அடியில் நவதானியம் போட்டு மஞ்சள் பூசிக்கொண்டு நிற்பானா? கடப்பாரையால் நாலு குத்துக் குத்தி நட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். இது சாமிக்குப் பயந்த கை. திருடும்போதும் பூஜை போடாமல் மண்ணைத் தொட முடியாத கை.” எழுந்து நின்றார். “அன்றைக்குக் கோயிலுக்கு அந்த வீட்டிலிருந்து யார் வரவில்லை?”

கனகவல்லி யோசித்தாள். “ஆளுங்க எல்லாம் வந்தாங்க. தாயாரம்மா வரல, ராஜகோபாலு சம்சாரம். வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்கு வர்றவங்க.” சட்டென்று நிறுத்தினாள். “அதுக்கப்புறமும் அவங்கள நான் கோயில் பக்கமே பார்க்கல சார்.”

“வீட்டில் வேறு யார்?”

“பொண்ணு சுந்தரவல்லி. மாசமா இருக்குது. மொதல்ல ரெண்டும் தங்கல, பாவம். டாக்டர் எழுந்திரிக்கக் கூடாதுன்னுட்டாங்களாம்.”

ஏகநாதன் மறுபடி அந்த வீட்டைப் பார்த்தார். அடைத்த கதவு, உடைத்த ஜன்னல், தூர்த்த கிணறு. பிறகு அந்த மனையின் வடகிழக்கு மூலையைச் சாய்வாகக் கடித்துக்கொண்டு போகும் பாதையைப் பார்த்தார்.

*

ராஜகோபால் வெள்ளை வேட்டி, கை வைத்த பனியனோடு வெளியே வந்தார். கனகவல்லியைப் பார்த்ததும் குரல் ஏறியது.

“இன்னாம்மா, டிடெக்டிவா? அடுத்து சிபிஐ கூட்டாருவியா? சார், நான் கையில சூடம் ஏத்தி சத்தியம் பண்ணவன். கொப்புளம் பாருங்க.” உள்ளங்கையை நீட்டினார்.

“பார்த்தேன் சார். நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை,” என்றார் ஏகநாதன் உரக்க.

பீடிக்காரர்கள் திரும்பினார்கள். எதிர்வீட்டு வாசல்களில் தலைகள் முளைத்தன. கனகவல்லி பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். தன் பக்கம் இருந்த ஒரே ஆளும் கட்சி மாறிவிட்டதைப் பார்ப்பவளைப்போல ஏகநாதனைப் பார்த்தாள்.

“அப்டி சொல்லுங்க!” ராஜகோபால் இளகினார். “எனுக்கு இன்னா சார், அடுத்தவன் மண்ணு மேல ஆசை? வர்றவன் போறவனுக்கெல்லாம் மண்ணு விக்கறவன் நான். கல்லு அங்க கீதுன்னே எனுக்கு தெரியாது. திருப்பதி போயிட்டு வந்தேன். ஓரத்த சுத்தம் பண்ணு, நம்ம கல்லு எங்க கீதுன்னு பாருன்னு வூட்ல சொன்னாங்கோ. வெட்டிப் பார்த்தா அங்க நிக்குது. எல்லையின்னா எல்லைதானே?”

“வீட்டில் சொன்னார்களா? நல்லது. ஒரே ஒரு விண்ணப்பம் சார். வேலிக்கு எப்படியும் பூஜை போடப் போகிறீர்கள். அதை இந்தக் கல்லுக்கே போட்டுவிடுங்கள். வீட்டம்மா கையால் சூடம் ஏற்றி, ‘இதுதான் எங்க எல்லை, இதுக்குள்ள எங்க வம்சம் தழைக்கணும்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும். அதற்குப் பிறகு இந்தம்மாள் வாயைத் திறக்க மாட்டார்கள். நான் பொறுப்பு.”

“இவ்ளோதானே! தாயாரு! தட்டை எட்த்துகினு வா!”

வெகுநேரம் யாரும் வரவில்லை. ராஜகோபால் மறுபடி கூப்பிட்டார். தாயாரம்மாள் தட்டோடு வந்தாள். குங்குமம் பெரிதாக, முகம் சின்னதாக. தூங்கி எத்தனையோ நாளானவளின் கண். புதிதாக வைத்த வடக்கு ஜன்னலில், சுவரைப் பிடித்தபடி ஓர் இளம்பெண் வந்து நின்றாள். எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவள்.

“நீ ஏன்டி எழுந்த? போய்ப் படு!” தாயாரம்மாள் கத்திய கத்தலில் தட்டிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்தது.

“ஏத்துங்கம்மா,” என்றார் ஏகநாதன். “சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள்.”

அவள் குச்சியைக் கிழித்தாள். காற்றே இல்லாத மதியத்தில் அது அணைந்தது. இன்னொன்று கிழித்தாள். சூடம் பற்றியது. “இதான்...” என்று தொடங்கினாள். பார்வை ஜன்னலுக்குப் போயிற்று, அங்கேயிருந்து மகளின் வயிற்றுக்கு இறங்கிற்று. “இதான் எங்க... எங்க வம்சம்...”

“சொல்லேன்டி! வாய்ல இன்னா கொழுக்கட்டையா?” என்றார் ராஜகோபால்.

தட்டு கீழே விழுந்தது. எரிகிற சூடம் ஈர மண்ணில் உருண்டு புகைந்தது. தாயாரம்மாள் கல்லின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“சொல்ல மாட்டேன். புள்ளத்தாச்சி பாத்துகினு நிக்குது. பொய்யி சொன்னா அவ வயித்துல வுழும். நான்தான் நட்டேன். நான்தான்! நீ திருப்பதிக்குப் போனப்ப, இவங்க கல்யாணத்துக்குப் போனப்ப, பட்டப்பகல்ல வெளியூரு ஆளு வெச்சு நட்டேன். வாஸ்து பார்க்க வந்தவரு சொன்னாரு, ஈசானிய மூலை அறுந்த மனையில புள்ள தங்காதுன்னு. கெணத்த தூத்தேன். படிய இடிச்சேன். இந்த மூலைய மட்டும் நான் எங்க போய் வாங்குவேன்?”

ஏகநாதனுக்குத் தன் தந்திரம் பலித்தது பிடிக்கவில்லை. விலை படிந்த பிறகு விற்றவன் அழுவதைப் பார்க்க நேர்ந்த வியாபாரிபோல் வேறு பக்கம் பார்த்தார்.

“பாவி,” என்றார் ராஜகோபால். “நான் சூடம் அடிச்சேனேடி! சாமி முன்னால என்ன பொய்யனாக்கிட்டியேடி!” கை ஓங்கிற்று. சவுரிமுத்து இடையில் புகுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வுடு நைனா. நீ தொடலன்னுதானே சத்தியம் பண்ண? நீ தொடல. சாமிக்கும் உனுக்கும் பாக்கி ஒண்ணும் இல்ல.”

தாயாரம்மாள் முழங்காலில் நகர்ந்து கனகவல்லியின் புடவையைப் பிடித்தாள். “அவளுக்கு பொறக்கற வரைக்கும், கனகவல்லி. அது வரைக்கும் கல்லு இங்கியே இருக்கட்டும். அப்புறம் நானே புடுங்கி நட்டுத் தரேன். உன் காலைப் புடிக்கிறேன்.”

கனகவல்லி ஜன்னலில் நின்ற பெண்ணைப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிடுவாள் என்றே ஏகநாதன் நினைத்தார். அவள் பைக்குள் கைவிட்டு அந்தப் புட்டியை எடுத்து, தாயாரம்மாளின் முன்னால் கல்லின்மேல் வைத்தாள்.

“எங்க வூட்டு அரிசி டிரம்முல இருந்துச்சுக்கா. உங்க வூட்ல ஒரு உசுரு தங்கணும். எங்க வூட்லயும் ஒண்ணு தங்கணும். நீங்களே சொல்லுங்க, நான் இன்னா பண்ணட்டும்?”

தாயாரம்மாளுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. லேபிளில் இருந்த மண்டையோட்டுக்கு எழுத்து தேவைப்படவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புட்டியை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, கல்லின் அடியை வெறும் கையால் பறிக்கத் தொடங்கினாள். பயறு முளைகள் வேரோடு வந்தன. நகத்தில் மண் ஏறியது.

“நவுரு,” என்றார் ராஜகோபால். வேலி போட வந்தவனின் கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு அவரே குத்தினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

கல் சாய்ந்தது. குழிக்குள் அழுகிய வெற்றிலைக்கு நடுவே, மஞ்சள் துணியில் சுற்றி, கையகலத்தில் ஒரு மரத்தொட்டில் இருந்தது. பிள்ளை வரம் கேட்டுக் கோயில் மரத்தில் கட்டுவார்களே, அந்தத் தொட்டில்.

யாரும் அதைத் தொடவில்லை. கனகவல்லிதான் குனிந்து எடுத்தாள். முந்தானையால் மண்ணைத் துடைத்தாள். நேராகப் பூவரச மரத்திடம் போய், தாழ்ந்திருந்த கிளையில் மஞ்சள் துணியாலேயே அதைக் கட்டினாள்.

“மண்ணுக்குள்ள எதுக்குக்கா தொட்டில்? இங்க தொங்கட்டும். மரம் ரெண்டு வூட்டு எல்லையில நிக்குது. மூலை உங்களுக்கும் இருக்கட்டும், வழி எங்களுக்கு இருக்கட்டும்.”

தொட்டில் ஒருமுறை ஆடி நின்றது. ஜன்னலில் நின்ற பெண் அதைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

*

ஜெபராஜின் வீட்டுக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

பின்னால் ராஜகோபாலும் தெருக்காரர்களும் வந்து நிற்க, கனகவல்லி தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். “என்னங்க! நான்தான்! கல்லு கெடச்சிடுச்சுங்க!” உள்ளே ஒரு நாற்காலி நகரும் சத்தம் கூட இல்லை. அவள் கல்லடியிலிருந்து திரும்ப எடுத்து வந்திருந்த புட்டியைப் பார்த்தாள். இன்னொன்று வாங்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று காலையில் தானே கேட்டது அவள் முகத்தில் தெரிந்தது. இரண்டு கைகளாலும் கதவை அறையத் தொடங்கினாள். சவுரிமுத்து தோளைக் கொடுத்து இடிக்கத் தயாராகப் பின்வாங்கினான்.

அவனை விலக்கிக்கொண்டு ராஜகோபால் முன்னால் வந்தார். கதவில் வாயை வைத்துக் கத்தினார்.

“வாத்தியாரே! கல்லு பூவரசு கீழதான் இருந்துச்சு! நீ சொன்னதுதான் நெஜம்! தெருவே நிக்குது, கேளு!”

தாழ் விலகியது.

ஜெபராஜ் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதுபோல் வெளுத்த சட்டை போட்டு, தலை வாரி, ஷூ கூட மாட்டியிருந்தார். அன்றைக்கு வியாழக்கிழமை. அந்தச் சட்டையைப் பார்த்ததும் கனகவல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெபராஜ் மனைவியைப் பார்க்கவில்லை. “அன்னிக்கு கோயில்ல இருந்தவங்க எல்லாம் இருக்காங்களா?” என்று கேட்டார்.

“பாதிப் பேரு கீறாங்க.”

“மீதிப் பேருக்கு?”

“வூடு வூடா நானே போய் சொல்றேன் வாத்தியாரே. நீ வெளிய வா.”

ஜெபராஜ் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு அவிழவில்லை. கனகவல்லி பக்கத்தில் உட்கார்ந்து அவிழ்த்துவிட்டாள்.

பாதை முனையில் சவுரிமுத்து லாம்ப்ரெட்டாவைச் சாய்த்துக்கொண்டிருந்தான். பூவரசின் கீழே ராஜகோபாலின் ஆட்கள் கல்லுக்குப் பழைய இடத்திலேயே குழி தோண்டினார்கள். தாயாரம்மாள் தொட்டிலுக்குக் கீழே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணா,” என்றான் சவுரிமுத்து, குரலைத் தாழ்த்தி, “அந்த பொண்ணுக்கு புள்ள தங்குமா?”

“எனக்குத் தானியத்தைத்தான் தெரியும் சவுரி.”

பின்னால் யாரோ ஓடி வந்தார்கள். கனகவல்லி. மூச்சு வாங்க, அந்தப் புட்டியைச் சவுரிமுத்துவின் கையில் திணித்தாள்.

“இத எடுத்துட்டுப் போய் உங்க ஆபீஸ் நாற்காலிக்கு அடிங்கப்பா. அப்படிக் கடிச்சுது. காலைல அத சொல்ற நெலமைல நான் இல்ல.”